மேலும் கீழும் கருப்புப் பட்டை

எங்கள் வட்டாரத்தில் நடக்கும் கல்யாணங்களில் பாதிக்கு எனக்கு அழைப்பு வராது. ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன், அதுவும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கே முன்னால். எல்லாம் என் வீட்டு டிவியின் புண்ணியம்.

எதிர் வீட்டில் இருப்பவளுக்குத் தொழிலே கல்யாணப் போட்டோக்களை வரிசையாக அடுக்கி, பாட்டுச் சேர்த்து, டிவியில் ஓடுகிற படமாக்கிக் கொடுப்பதுதான். ஒரு போட்டோ திரையில் ஐந்து செகண்டுதான் நிற்க வேண்டும் என்பது அவள் சட்டம். அதற்கு மேல் நின்றால் பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்களாம். குறைந்தால் சொந்தக்காரர்கள் தங்கள் முகத்தைத் தேடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுமாம். இதை மாடிப்படியில் நின்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, கட்டடம் முழுக்க அவள் பெயரே 'அஞ்சு செகண்ட்' என்றாகிவிட்டது. டீ குடிக்கக் கூப்பிட்டாலும் "அஞ்சு செகண்ட் அக்கா, இதோ" என்பாள். டீ ஆறி ஆடை படிந்த பிறகு வருவாள்.

அவளிடம் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு, டிவி கிடையாது. "கம்ப்யூட்டரை நம்பவே கூடாது அக்கா. இதுல தங்கமாத் தெரியும், டிவில போட்டா மாப்பிள்ளை மூஞ்சி தக்காளியா இருக்கும்" என்பாள். அதனால் முடித்த வேலையை எல்லாம் பென் டிரைவில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் பக்கவாட்டில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டு டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பாள். நான் எந்தப் போட்டோவில் போனைக் கையில் எடுக்கிறேனோ அந்த இடத்தில் படம் தொய்கிறது என்று எழுதிக்கொள்வாள். இப்படி ஒரு உத்தியோகம் எனக்கு. சம்பளம் கிடையாது; சேதி கிடைக்கும்.

அன்றைக்கு வந்தது மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். அவருடைய ஒரே மகளுக்கு இரண்டு மாதம் முன்பு முடிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள், குடும்பமே கூடி டிவியில் பார்க்கப்போகிறது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. மருந்துக்கடைக்காரருக்கும் அவருடைய அக்காவுக்கும் கல்யாணத்தன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அக்காவைத் தெரியாதவர்கள் இங்கே கிடையாது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும், "கையெழுத்துன்னா ஒரு கோடு கம்பீரமா இருக்கணும்" என்று கையெழுத்துப் போடப் பழக்கியவரும் அவர்தான். அந்தப் பெண் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அத்தை பக்கத்தில் நிற்காவிட்டால் எப்படி? நிற்கவில்லை என்கிறார் தம்பி. "ரெண்டு தடவை கூப்பிட்டேன். ஆளைக் காணோம். சாப்பிடப் போயிட்டா." நான் அங்கேதான் இருந்தேன் என்கிறார் அக்கா. "ஒரு தடவை கூட அவன் என்னைத் தேடல." இதற்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார்.

ஆகவே அந்தப் பென் டிரைவை டிவியில் செருகியபோது நான் போனைப் பக்கத்து அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

படம் நன்றாகத்தான் ஓடியது. பாட்டு மெதுவாக ஆரம்பித்து, பெண் வந்து இறங்கும்போது வேகம் எடுத்தது. விருந்தினர்கள் வந்தார்கள், சிரித்தார்கள். அப்புறம் ஒரு போட்டோ. பாட்டில் சரியாக மேளம் 'டமார்' என்று விழுகிற இடம். திரை நிறைய டீச்சர். ஒரு கையில் ஐஸ்கிரீம் கப், இன்னொரு கையில் ஸ்பூன், ஸ்பூன் பாதி வாயில். ஐந்து செகண்டு அப்படியே நின்றார். அடுத்த போட்டோவில் பெண் குனிந்து கையெழுத்துப் போடுகிறாள். பின்னால் அப்பா கண்ணைத் துடைக்கிறார். டீச்சர் இல்லை.

"அடிப்பாவி!" என்றேன்.

"என்ன அக்கா, கலர் தூக்கலா இருக்கா?"

"கலரா? டீச்சர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருக்காங்க, அப்புறம்தான் பொண்ணு கையெழுத்தே போடுது! அப்போ தம்பிக்காரர் சொன்னதுதான் நிஜமா?"

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "நான் ஒண்ணும் அடுக்கல. ஒவ்வொரு போட்டோலயும் எடுத்த நேரம் பதிஞ்சிருக்கும். அந்த நேரப்படி வரிசையா வந்திருக்கு. டீச்சர் பதினொண்ணு பத்து. கையெழுத்து பதினொண்ணு இருபது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது" என்றாள்.

போகவில்லை. நான்தான் போனேன். கீழே தையல்காரியிடம் ஒரு ரவிக்கையின் கை பிடிக்கிறது என்று கொடுக்கப் போனேன். கை பிடிப்பதைச் சொல்லும்போது பேச்சு வளர்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கப் போன யாரோ அங்கே அதை இறக்கிவைத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்திவிட்டு, "கேமராவே சாட்சி சொல்லிடுச்சா? ஞாயித்துக்கிழமை வரட்டும், எல்லாரும் டிவில பாக்கட்டும்" என்றாராம். அது எப்படியோ டீச்சர் காதுக்கும் போய், "அப்படின்னா நான் அந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன், அவன் செத்தாலும் சரி நான் செத்தாலும் சரி" என்று அவர் சொல்ல, கல்யாணப் பெண் போனில் அழுதுகொண்டே அஞ்சு செகண்டைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை அஞ்சு செகண்ட் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

"தையல்காரிகிட்ட சொன்னீங்களா?"

"ரவிக்கை கொடுக்கப் போனேன்மா."

"ரவிக்கைக்குள்ள டீச்சர் எதுக்கு வந்தாங்க?"

பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் டீ போடப் போய்விடுவது வழக்கம். அடுப்பைப் பற்றவைத்த நேரம் வாசலில் இன்னொரு ஆள். டீச்சரே வந்து நிற்கிறார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் வீட்டு டிவிலதான் நான் ஐஸ்கிரீம் சாப்பிடறேனாமே. போடு, நானும் பாக்கறேன்."

போட்டோம். மேளம் 'டமார்' என்றது. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தன்னையே ஐந்து செகண்டு பார்த்தார்.

"சாப்பிட்டேன். இல்லேன்னு யார் சொன்னா? எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு பத்து, டீச்சர்" என்றாள் அஞ்சு செகண்ட், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பவள் போல.

"யார் சொன்னது?"

"கேமரா."

"கேமராவுக்கு யார் சொன்னது?"

டீச்சர் டிவிக்குக் கிட்டே போய்த் திரையின் மேல் விளிம்பை விரலால் தொட்டார். "அந்த ஹால் சுவத்துல இங்க ஒரு பெரிய கடிகாரம் இருந்துச்சு. அதை எங்க காணோம்?"

"டிவிக்கு வெட்டியிருக்கேன் டீச்சர். போட்டோ உயரமா இருக்கும், டிவி அகலமா இருக்கும். அப்படியே போட்டா மேலயும் கீழயும் கருப்புப் பட்டை வரும், அசிங்கமா இருக்கும். அதனால மேல கொஞ்சம் கீழ கொஞ்சம் எடுத்துட்டுத் திரை நிறையப் போடுவேன்."

"பேஷ். விடைய வெட்டிட்டுக் கணக்கைப் போட்டிருக்க." குடையை எடுத்துக்கொண்டார். "நான் எங்க நின்னேன்னு நானே ஊர் ஊராப் போய் வாதாட மாட்டேன். அவனுக்குத் தெரியணும்." படியிறங்கிப் போனார். டீயைக் கூடத் தொடவில்லை.

பிறகு நடந்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அஞ்சு செகண்ட் என்னை இழுத்துக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள். வெட்டாத முழுப் போட்டோக்களைத் திறந்தாள். டீச்சரின் ஐஸ்கிரீம் போட்டோ மேலே வளர்ந்தது. சுவரில் வட்டமாகக் கடிகாரம். மணி பன்னிரண்டு பத்து.

"பன்னிரண்டா? பதினொண்ணுன்னு சொன்னியே."

"அதான் நானும் பாக்கறேன்." கையெழுத்துப் போட்டோவைத் திறந்தாள். பெண்ணின் தலைக்கு மேலே அதே கடிகாரம். மணி பதினொன்று இருபது.

"சரி, இது பதினொண்ணு, அது பன்னிரண்டு. ஆனா அது இதுக்கு முன்னாடி. எனக்குத் தலை சுத்துது."

"ரெண்டும் ஒரே கேமரா இல்ல அக்கா. கையெழுத்து எடுத்தது ஸ்டுடியோக்காரர். ஐஸ்கிரீம் எடுத்தது பொண்ணோட சித்தப்பா." அந்தச் சித்தப்பாவை எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கென்றே புதுக் கேமரா வாங்கினவர். அதே ஹாலின் கோடியில் போட்ட சாப்பாட்டுப் பந்தியை விட்டு நகராமல் அறுபது போட்டோ எடுத்தார், அறுபதிலும் யாராவது மென்றுகொண்டிருப்பார்கள். "போன்ல அனுப்பினா மங்கிடும், கேமராவோட கொண்டாங்கன்னு நான்தான் அடம் பிடிச்சு வாங்கினேன். ஆனா அதுல மணி சரியா வெச்சாரான்னு கேக்கல. அந்தக் கேமரா ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது."

"சுவத்துக் கடிகாரம் தப்பா இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு போட்டோலயும் அதே கடிகாரம்தானே? கையெழுத்து முதல்ல, ஐஸ்கிரீம் அம்பது நிமிஷம் கழிச்சு."

நான் மேசைமேல் இருந்த பேனாவைச் சித்தப்பாவாகவும் அழிப்பானை ஸ்டுடியோக்காரராகவும் வைத்து நகர்த்திப் பார்த்தேன். ஒருமுறை புரிந்தது. மறுமுறை நகர்த்தியபோது டீச்சர் கல்யாணத்துக்கு மறுநாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டதாக வந்தது. விட்டுவிட்டேன்.

"சரிம்மா, அவங்க முன்னாடி சாப்பிடல. ஆனா கையெழுத்துப் போடறப்ப அங்க நின்னாங்களா? இதுல ஆளே இல்லையே."

அவளும் அதைத்தான் யோசித்திருப்பாள். அந்த நிமிடத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்தது ஏழு போட்டோ. ஏழிலும் பெண், மாப்பிள்ளை, அப்பா, பதிவு அலுவலகத்து ஆட்கள், மேசை, பூ. டீச்சர் இல்லை. அஞ்சு செகண்ட் ஒவ்வொன்றையும் ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நான்காவது போட்டோவின் அடிவிளிம்பில், டிவிக்காக வெட்டி எறியும் பகுதியில், ஒரு கை.

கை மட்டும்தான். மேசைக்கு இந்தப் பக்கம், கேமராவில் விழாதபடி யாரோ கீழே குனிந்து உட்கார்ந்து கையை மட்டும் நீட்டியிருக்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் பதிவேட்டின் தாள் பறக்காமல் நான்கு விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டில் கைக்கடிகாரம், வட்டம் உள்ளங்கைப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

"டீச்சர்!" என்று கத்திவிட்டேன். அவர் வாட்ச்சை உள்பக்கமாகத்தான் கட்டுவார். அவரிடம் படித்த எல்லோருக்கும் அது தெரியும். "இரு, இப்பவே கீழ போய்..."

அவள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். "எங்க? ரவிக்கைக்கா?"

நான் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு செகண்ட் பென் டிரைவோடு போனாள். நானும் போனேன், பென் டிரைவ் சிறிய பொருள், வழியில் விழுந்தால் பார்க்க ஆள் வேண்டாமா? பெண்ணிடம் மட்டும் முதல் நாளே அவள் போனில் சொல்லியிருந்தாள்: "எப்படியாவது அத்தையக் கூட்டிட்டு வா. காரணம் கேக்காத." எந்தப் பொய்யைச் சொன்னாளோ, டீச்சர் வந்திருந்தார். வாசல் பக்க நாற்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்து போகிறவர் மாதிரி. அவர் தம்பி டிவிக்கு நேரே ரிமோட்டோடு இருந்தார். நடுவில் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். சித்தப்பா ஏற்கெனவே தட்டோடு இருந்தார்.

படம் ஓடியது. விருந்தினர்கள் வந்தார்கள், சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஐஸ்கிரீம் வரப்போகிறது என்று. வரவில்லை. பாட்டு தணிந்து ஒற்றைப் புல்லாங்குழலாகியது. கையெழுத்துப் போட்டோ வந்தது, ஏழில் அந்த நான்காவது. மேலும் கீழும் தடித்த கருப்புப் பட்டையோடு அல்ல. உயரம் முழுதும் தெரியும்படி சுருங்கி, பக்கங்களில் கருப்பாக.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டை மேலும் கீழும் வரும் என்று அவள் டீச்சரிடம் சொன்னாள், வந்ததோ இடமும் வலமும். பிறகு கேட்டால், "டீச்சர் முன்னாடி பதட்டத்துல வாய் தப்பிடுச்சு" என்கிறாள். நான் பல நாள் எல்லோரிடமும் மேலும் கீழும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் வாயில் வருகிறது.

"என்னம்மா இது, ரெண்டு பக்கமும் இருட்டா இருக்கு?" என்றார் ஒரு மாமா.

"டிவி போச்சுபோல."

"புது டிவி மாமா!"

"ஒயரை ஆட்டிப் பாருங்க."

ஐந்து செகண்டு ஆயிற்று. போட்டோ போகவில்லை. பத்து ஆயிற்று. "நின்னுடுச்சு, நின்னுடுச்சு" என்று யாரோ எழுந்தார்கள். அஞ்சு செகண்ட் சுவரோடு ஒட்டி நின்று கைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் சட்டத்தைத் தானே மீறுவது அவளுக்கு வலித்திருக்க வேண்டும். எல்லோரும் கருப்பைப் பார்த்தார்கள். படத்தை யாருமே பார்க்கவில்லை.

"இருங்க, நான் பெருசாக்கறேன்" என்று மருந்துக்கடைக்காரர் ரிமோட்டை அமுக்கினார். படம் உப்பித் திரை முழுவதும் நிறைந்தது. கடிகாரமும் போயிற்று, கையும் போயிற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அஞ்சு செகண்ட் என் காலை மிதித்தாள்.

"அப்பா" என்றாள் பெண். "முன்னாடி இருந்த மாதிரியே வைங்க."

"ஏன்மா, இதுதானே நல்லா இருக்கு?"

"வைங்கப்பா."

அமுக்கினார். படம் சுருங்கியது. கீழே கை வந்தது.

மருந்துக்கடைக்காரர் மறுபடி அமுக்கினார். கை போயிற்று. அமுக்கினார். கை வந்தது. கூடத்தில் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்தார்கள். சித்தப்பா கூட மெல்லுவதை நிறுத்தினார். நான்காவது தடவை கை வந்தபோது மருந்துக்கடைக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். எழுந்து டிவிக்கு அருகே போய், மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிக்கிறவர் போலக் குனிந்து பார்த்தார்.

திரும்பாமலே கேட்டார்: "ஏன்க்கா, பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் வாட்ச்சை உள்பக்கமாத்தான் கட்டறியா?"

டீச்சர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார்.

"போர்டுல எழுதறப்ப மணி தெரியணும்ல" என்றார். குடையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "பாட்டைக் கொஞ்சம் கம்மியா வைடா. காது அடைக்குது."

அவர் தம்பி பாட்டைக் குறைத்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கமாக வந்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டார். அங்கிருந்து டிவி பாதிதான் தெரியும். மீதிப் படத்தை அவர் அப்படியேதான் பார்த்தார். ஐஸ்கிரீம் போட்டோ அதன் இடத்தில் வந்தது, மேளம் இல்லாமல். டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

இத்தோடு விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை அஞ்சு செகண்ட் அதே பென் டிரைவோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு பிரதி வேண்டுமாம், கலரைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். நான் சோபாவில் உட்கார்ந்தேன். எல்லாம் தெரிந்த கதை, போனை எடுக்கலாம் என்று கை போன நேரம், கையெழுத்துக்கு முந்தைய போட்டோ. மாப்பிள்ளைக்குப் பேனாவை நீட்டுகிற பதிவு அலுவலகத்து அம்மா. நீட்டிய கையில் வாட்ச். வட்டம் உள்ளங்கைப் பக்கமாக.

நான் நிமிர்ந்தேன். அடுத்தது வந்தது, பதிவேட்டுத் தாளை அழுத்தும் கை. மற்ற அலுவலகத்து ஆட்கள் இருந்தார்கள், அந்த அம்மாவின் முகம் மட்டும் அந்தப் போட்டோவில் எங்கும் இல்லை.

"இந்தக் கை..." என்றேன்.

"கலர் எப்படி?"

"இல்லம்மா, அந்த ஆபீஸ் அம்மாவும்..."

"பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"சனிக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்றைக்கும் இல்லாதபடி டிவியையே பார்த்தாள். டீச்சர் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். போர்டில் எழுதும்போது மணி தெரிய வேண்டும் என்றார். அது தன் கைதான் என்றாரா? சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது. எதற்காகத் தன் மணிக்கட்டை இரண்டு தடவை பார்த்தார்? தன் கையைத் தானே அடையாளம் காண இரண்டு தடவை பார்க்க வேண்டுமா? ஆனால் அங்கே இருந்தேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாரே, பொய் சொல்கிற ஆளா அவர்?

"அப்போ அது யாரு கைதான்?"

"அக்கா, அஞ்சு செகண்ட் ஆச்சு" என்று அடுத்ததற்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ரவிக்கையை வாங்கக் கீழே போனேன். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு, கத்தரிக்கோலைக் கூட ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்: "கை கை-ன்னு தெருவே பேசுது. என்னக்கா, நிஜமா டீச்சர் கைதானா அது?"

கடைக்கு வெளியே அக்காவும் தம்பியும் போய்க்கொண்டிருந்தார்கள். குடை அவர் கையில், காய்கறிப் பை இவர் கையில். ஏதோ சச்சரவு, தக்காளி அழுகலாக இருக்கிறது என்று அக்கா திட்டுகிறார், தம்பி சிரிக்கிறார்.

"பின்ன யாரு கை?" என்றேன். "வாட்ச்சைப் பாத்தாலே தெரியலையா?"

ரவிக்கையைப் போட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு மாடியேறினேன். சேதி தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன், இறங்கவில்லை. ரவிக்கையும் இன்னும் கையில் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுபடி கீழே போக எனக்குத் துணிவில்லை.